13.4 மீட்டர் தாரில் எஃப்-35: லாடியம் நாட்குறிப்பு

செப்டம்பர் 5, 2024, வியாழன்

நேற்று ஃபின்லாந்தில் ரானுவா பக்கம், ஹோசியோ நெடுஞ்சாலையில் அமெரிக்க விமானப்படையின் எஃப்-35ஏ ரகப் போர் விமானங்கள் இரண்டு இறங்கின. முதலில் செய்தவர்கள் இவர்கள் அல்ல. போன வருடம் செப்டம்பர் 21-ல் அதே ஃபின்லாந்தில் டெர்வோ சாலையில் நார்வேக்காரர்கள் இதே ரக விமானத்தை இறக்கி, எஞ்சினை அணைக்காமலே எண்ணெய் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில், பிரிட்டோரியா பக்கத்து லாடியத்தில், காலையிலிருந்து வாட்ஸ்அப்பில் தம்பிமார் கேட்பது ஒன்றேதான்: "நம்ம என்1 நெடுஞ்சாலைல இறக்கலாமா அண்ணே?"

இறங்கிய படம் எல்லார் கையிலும் இருக்கிறது. இறங்கிய பின் அதற்கு என்னென்ன தேவைப்பட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. தாருக்குக் கணக்குப் போடுவது சுலபம், தாருக்குப் பின்னால் வர வேண்டிய சரக்குக்குத்தான் கை வலிக்கும். இரண்டையும் இந்த மாதம் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 7, சனி, விநாயகர் சதுர்த்தி

அகலம். நம் நாட்டின் நல்ல இருவழி தேசியச் சாலை என்றால் தடம் ஒன்றுக்கு 3.7 மீட்டர், ஓரம் ஒன்றுக்கு 3 மீட்டர், ஆக 13.4. எஃப்-35ஏ-யின் இறக்கை விரிவு 10.7. நட்டநடுவில் இறங்கினால் இரண்டு பக்கமும் 1.35 மீட்டர் மிச்சம். இன்னொரு அமெரிக்கப் போர் விமானமான எஃப்-22 வந்தால் விரிவு 13.56, இறக்கை நுனி புல்லின் மேல்தான் போகும்.

ஆகவே முதல் நாள் வேலை பிடுங்குவது: ஓரக் கம்பங்கள், கிலோமீட்டர் பலகைகள், இரும்புத் தடுப்புகள். குறுக்கே போகும் மின்கம்பியும் தொலைபேசிக் கம்பியும் இறங்கும் பாதையின் நீளம் முழுக்கவே இருக்கக் கூடாது. பலர் மறப்பது நடுக்கோட்டில் பசை வைத்து ஒட்டிய பூனைக்கண்கள், அதாவது இரவில் விளக்கு பட்டால் மின்னும் குமிழ்கள். லாரி டயர் அவற்றின் மேல் ஏறிப் போகும், விமானத்தின் மூக்குச் சக்கரம் பெயர்த்து எறியும். எறிந்தது எங்கே போகும் என்பதை நாளை எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் லிம் சூ காங் சாலை இதற்கென்றே 24 மீட்டர் அகலத்தில், 2,500 மீட்டர் நேராகக் கிடக்கிறது. விளக்குக் கம்பமும் பேருந்து நிறுத்தமும்கூடக் கழற்றி மாட்டும்படி அமைந்தவை. அங்கே சாலை போடும்போதே விமானத்தையும் கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

கல். என் கணக்கில் இதுதான் பெரிய விஷயம், ஃபின்லாந்துப் படத்தை வைத்து நாம் ஏமாறும் இடமும் இதுவே.

நம் கிராமப்புற நெடுஞ்சாலைகளில் பெரும்பகுதிக்கு மேல்தோல் ஜல்லி சீல்: தார் தெளித்து, அதன் மேல் 13.2 அல்லது 19 மில்லிமீட்டர் ஜல்லி தூவி, உருளை ஓட்டியது. லாரிக்கு அது போதும், மலிவும்கூட. ஆனால் புதுசாகப் போட்ட சீல் முதல் பருவத்தில் கல்லை உதிர்க்கும், பழசானால் தார் வறண்டு மறுபடி உதிர்க்கும். காரின் முன்கண்ணாடியில் நட்சத்திரம் விழாதவர் இந்த ஊரில் யார்?

எஃப்-35-ன் இரண்டு காற்று வாய்களும் விமானியின் இரு தோள்களுக்குக் கீழே, தரைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. ரஷ்யர்களின் மிக்-29 தரையில் ஓடும்போது வாயைக் கதவால் மூடி, மேலே உள்ள சன்னல்களால் மூச்சு வாங்கும். எஃப்-35-க்கு அப்படிக் கதவு கிடையாது. வளைந்த குழாய் எஞ்சின் விசிறியை ரேடாரின் கண்ணிலிருந்து மறைக்கிறது, கல்லிடமிருந்து மறைக்காது. இன்னொரு சங்கடம்: எஃப்135 எஞ்சினின் விசிறியில் அலகுகளும் வட்டும் ஒரே துண்டாக இருக்கும். ஓர் அலகில் கீறல் விழுந்தால் அதை மட்டும் கழற்றி மாற்ற முடியாது. குழாய்க் கேமரா விட்டுப் பார்த்து, அனுமதித்த அளவுக்குள் இருந்தால் அராவி வழுவழுப்பாக்கலாம். அளவு மீறினால் பெரிய வேலை, அதைச் சாலையோரத்தில் வைத்துச் செய்ய முடியாது.

பெருக்கும் கணக்கு: 2,500 மீட்டர் நீளம், 13.4 அகலம், 33,500 சதுர மீட்டர். முதலில் உறிஞ்சும் வண்டி, பிறகு ஆணிக்கும் கம்பித் துண்டுக்கும் காந்தத் தண்டு, கடைசியில் மனிதக் கண். மீட்டருக்கு ஒருவராக 14 பேர் வரிசையில், மணிக்கு 2 கிலோமீட்டர் நடையில், ஒரு தடவைக்கு 75 நிமிடம். திரும்பி வரும்போதும் பார்க்க வேண்டும். வெயில் எதிர்ப்பக்கமிருந்து விழும்போது, போகையில் தெரியாத கல்லின் நிழல் தெரியும்.

அதோடு முடியாது. முதல் விமானம் ஆஃப்டர்பர்னர் (எஞ்சினின் வாலில் கூடுதல் எண்ணெயை எரிப்பது) போட்டுக் கிளம்பினால் ஓரத்து மண்ணும் சரளையும் பாதைக்கு வரும். ஆகவே ஜோடியாகக் கிளம்பக் கூடாது. ஒன்று போகட்டும், வண்டி ஒருமுறை ஓடட்டும், பிறகு அடுத்தது.

நாள் கையிலிருந்தால் தண்ணீர் கலந்த தார்க் குழம்பை மெல்லியதாகத் தெளித்துக் கல்லைக் கட்டலாம். நன்றாகக் காயாவிட்டால் டயரில் ஒட்டி, கல்லையும் சேர்த்துப் பிடுங்கும். கேப் சீல் போட்ட சாலை கிடைத்தால் அதைத்தான் எடுப்பேன். 19 மில்லிமீட்டர் கல்லின் மேல் சாந்துக்குழம்பு நிரப்பிய வேலை அது, கல் அசையாது. பெயரைச் சொல்லவே வேண்டாம், நம் கேப் மாகாணத்தில் பிறந்தது.

செப்டம்பர் 11, புதன்

சாலை தாங்குமா? அதைப் பார்க்கும் கருவியும் நம் வீட்டுச் சரக்கு: சுத்தியால் அடித்துக் கூம்பை நிலத்துக்குள் இறக்கிப் பார்க்கும் டிசிபி. 8 கிலோ சுத்தி 575 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழும், 60 பாகை கூம்பு, 20 மில்லிமீட்டர் விட்டம். 1970-களில் அப்போதைய டிரான்ஸ்வால் மாகாணத்தின் சாலைத் துறை இதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. அடிக்கு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று 800 மில்லிமீட்டர் ஆழம் வரை எழுத வேண்டும். நடுக்கோட்டில் மட்டும் குத்திவிட்டுப் போகக் கூடாது. இடது தடம், நடு, வலது தடம் என்று மாறி மாறிக் குத்த வேண்டும், மதகு இருக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் கூடுதலாக. மதகுக் குழாயின் மேல் நிரப்பிய மண்தான் எப்போதும் முதலில் அமரும்.

இப்போது எடை. எஃப்-35ஏ முழுச் சுமையில் 31 டன்னுக்கு மேல். மூக்குச் சக்கரம் பத்தில் ஒரு பங்கை ஏற்றால், மீதி இரண்டே இரண்டு பெரிய டயரில், தலைக்குச் சுமார் 14 டன். நம் லாரியின் பின்அச்சுக்குச் சட்டம் விடுவது நான்கு டயருக்கு 9 டன், டயருக்கு 2.25. ஆறு மடங்கு! ஆனால் இறங்கும்போது எண்ணெய் தீர்ந்து 16 டன் அளவில் வந்தால் டயருக்கு 7 டன்தான். சில முறை ஏறி இறங்குவதால் நல்ல அடித்தளம் செத்துப்போகாது. வந்து நின்று, எண்ணெய் நிரப்பி, வெயிலில் அசையாமல் காத்திருக்கும் இடத்தில்தான் தார் குழியும். நிறுத்துமிடத்துக்கு கான்கிரீட் தேடுங்கள். பெட்ரோல் பங்கு, எடைமேடை எதுவானாலும் சரி.

நம் பழைய போர் விமானம் மிராஜ் எஃப்1-க்கு ஒவ்வொரு காலிலும் இரட்டைச் சக்கரம் இருந்தது.

செப்டம்பர் 15, ஞாயிறு

உயரமும் வெயிலும். பிரிட்டோரியா பக்கத்து வாட்டர்க்ளூஃப் விமானப்படைத் தளம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர். 35 பாகை வெயிலில் அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத் தர அளவில் 78 சதவீதம்தான். இறக்கைக்கு அதே தூக்கல் வேண்டுமானால் 13 சதவீதம் வேகமாக வர வேண்டும். கடல்மட்டத்தில் 140 நாட் என்றால் இங்கே 158. வேகத்தின் வர்க்கம் என்பதால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 28 சதவீதம் கூடுகிறது. எஞ்சின் தள்ளுவதும் அதே மெல்லிய காற்றில்தான். ஃபின்லாந்தில் போதுமான நீளம் நம் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் போதாது. அப்பிங்டன் விமான நிலையத்தில் 4,900 மீட்டர் ஓடுபாதை போட்டது ஆசைக்கு அல்ல: கொதிக்கும் நாளிலும் போயிங் 747 முழு எண்ணெயோடு ஐரோப்பாவுக்கு எழும்பத்தான்.

நார்வே தன் எஃப்-35-களுக்கு வாலில் பாராசூட் பெட்டி வைத்தது பனிக்காக. நமக்கு அது வெயிலுக்கு உதவும். இல்லாதவர்கள் வண்டியில் இழுத்து வரும் தடுப்புக் கேபிள் கொண்டுவர வேண்டும்: இரண்டு பக்கமும் ஒவ்வொரு வண்டி, நிலத்தில் அறையும் நீண்ட ஆணிகள், கேபிளைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்க ரப்பர் வளையங்கள். கேபிளைப் பிடிக்கும் எஃப்-35ஏ-யின் வால் கொக்கி அவசரத்துக்கு மட்டும், தினசரி இறக்கத்துக்கு அல்ல.

சூடான பிரேக் பற்றி ஒன்று. சக்கரத்துக்குள் உருகும் அடைப்பான் இருக்கிறது, சூடு மிஞ்சினால் உருகிக் காற்றை விட்டுவிடும். உருகுவதற்கு முன் வெடித்தால் துண்டுகள் அச்சின் திசையில், பக்கவாட்டில் பறக்கும். அதனால் தீயணைப்பாளர் முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ மட்டும் நெருங்க வேண்டும். பிரேக் ஆறும்வரை எண்ணெய்க் குழாயைப் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது. "பத்து நிமிடத்தில் திரும்பிவிடும்" என்று சொல்பவர்கள் இந்தக் காத்திருப்பைச் சேர்ப்பதில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய், புரட்டாசி பிறப்பு

எண்ணெய். எஃப்-35ஏ-யின் வயிற்றுக்குள் 8,278 கிலோ. லிட்டருக்கு 0.8 கிலோ என்றால் சுமார் 10,350 லிட்டர். 40,000 லிட்டர் சாலை பவுசர் (எண்ணெய் லாரி) ஒன்று நான்கு விமானத்துக்குக் கொஞ்சம் குறைவு. நிமிடத்துக்கு 1,000 லிட்டர் தள்ளும் பம்பு இருந்தால் ஒன்றுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல்.

விமான நிலைய ஜெட் ஏ-1-ஐ அப்படியே ஊற்றுவதில்லை. ராணுவ எண்ணெயாக்க மூன்று சேர்க்கை வேண்டும்: தண்ணீர் உறையாமல் தடுப்பது, துருவையும் பம்பின் தேய்மானத்தையும் தடுப்பது, நிலைமின்சாரத்தை வெளியேற்றுவது. முதலாவது ஆயிரத்தில் ஏறக்குறைய ஒரு பங்கு, அதாவது பவுசருக்குச் சுமார் 40 லிட்டர். குழாயில் ஓடும்போதே அளந்து செலுத்த வேண்டும். மேலிருந்து கொட்டினால் கலக்காமல் அடியில் தங்கும். செகுண்டாவில் நிலக்கரியிலிருந்து வரும் சசோல் நிறுவன எண்ணெயைக் கேட்பவர்களுக்கு: பாதிச் செயற்கைக் கலவை 1999-லேயே ஒப்புதல் பெற்றுவிட்டது, அதில் பயம் வேண்டாம்.

பயப்பட வேண்டியது சூட்டுக்கு. எஃப்-35 தன் மின்னணுவின் வெப்பத்தை எண்ணெயிலேயே கொட்டுகிறது. உள்ளே போகும் எண்ணெயே கொதித்திருந்தால் கொட்ட இடமில்லை. 2014-ல் அரிசோனாவின் லூக் தளத்தில் பவுசர்களுக்கு வெள்ளை வண்ணம் அடித்தது இதற்காகத்தான். நம் நார்தர்ன் கேப் மாகாணத்து வெயிலில் பவுசரை நிழலில் நிறுத்தி, விடியற்காலையில் நிரப்புவதே வழி.

செப்டம்பர் 19, வியாழன்

வாட்டர்க்ளூஃபில் நேற்று ஏஏடி என்னும் விமான, ராணுவத் தளவாடக் கண்காட்சி தொடங்கிவிட்டது, சென்ச்சூரியன் பக்கம் போக்குவரத்து கேட்கவே வேண்டாம்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. பழைய போர் விமானங்களுக்குத் தரையில் நின்று மின்சாரம் ஊட்டும் வண்டி 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரம் தரும். எஃப்-22-ம் எஃப்-35-ம் கேட்பது 270 வோல்ட் நேர்மின்சாரம். எந்த விமானத் தளத்திலும் கிடக்கும் வண்டியை இழுத்து வந்து செருக முடியாது. எஃப்-35 தன் பேட்டரியாலும் உள்ளிருக்கும் சிறு டர்பைனாலும் தானே எஞ்சினைக் கிளப்பிக்கொள்ளும். ஆனால் எஞ்சின் ஓடாமல் இரண்டு மணி நேரம் சோதனை பார்க்க வேண்டுமென்றால் மின்சாரமும் குளிர்காற்றும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். இரண்டு வண்டிகளும் சரக்குப் பட்டியலில் சேர்ந்தன.

செப்டம்பர் 21, சனி

"செங்குத்தாக இறங்கும் எஃப்-35பி இருக்கும்போது ஓடுபாதை எதற்கு?" என்று ஒரு தம்பி. அதன் பின்குழாய் கீழே திரும்பி எரியும்போது சாதாரண கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி மேற்பரப்பைச் சில்லுச் சில்லாகத் தெறிக்கவிடும். தார் உருகும். ஆகவே வெப்பம் தாங்கும் கான்கிரீட் மேடை அல்லது ஏஎம்-2 அலுமினியத் தட்டுகள் வேண்டும்: 12 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அங்குலக் கனம். நூறடிக்கு நூறடி மேடைக்கே நானூறுக்கு மேல் தட்டுகள். ஓடுபாதை மிச்சம், லாரி மிச்சமில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய், பாரம்பரிய நாள்

ஊரெல்லாம் ப்ராய் (நெருப்பில் இறைச்சி சுடுவது) புகை. புரட்டாசி வீடுகளில் மட்டும் சாம்பார். எழுத உட்கார நல்ல நாள்.

விமானத்தின் தோல். ரேடாருக்குச் சிக்காமல் இருப்பது உருவத்தால் பாதி, பூச்சாலும் இடுக்கு அடைப்பாலும் மீதி. மூடிகளின் விளிம்பு, திருகுத் தலை, கதவு ஓரத்துச் சவ்வு இவற்றில் சின்ன இடைவெளியும் அலையைத் திருப்பி அனுப்பும். அடிக்கடி திறக்கும் கதவுகளுக்கு எஃப்-35-ல் பூச்சைக் கலைக்காத வழி வைத்திருக்கிறார்கள். அபூர்வமாகத் திறக்க வேண்டிய மூடியைச் சாலையோரத்தில் திறந்துவிட்டால் தொல்லை. அடைப்பை மறுபடி பூசி உலரவிட வேண்டும், உலர்வதோ வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பொறுத்தது. தூசி பறக்கும் கரூ வறண்ட நிலத்தில் திறந்தவெளியில் பூசினால் தூசியும் சேர்ந்து உறையும். ஊதிக் கட்டும் கூடாரம் ஒன்றும் உள்ளே குளிரூட்டியும் இல்லாமல் இந்த வேலையைத் தொடக் கூடாது. பறக்கத் தடையில்லாத சேதமென்றால் குறித்துக்கொண்டு, தளத்துக்குத் திரும்பிய பின் செய்யலாம். எந்தச் சேதம் எவ்வளவு காட்டிக்கொடுக்கும் என்று கூட்டிச் சொல்லும் மென்பொருள் அவர்களிடம் உண்டு.

படங்களில் முதுகிலும் வயிற்றிலும் தெரியும் சிறு குமிழ்கள் ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும் லூனெபர்க் லென்ஸ். வேண்டுமென்றே ரேடாருக்குத் தெரிவதற்கு: போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காகவும், ரேடாரில் விமானம் உண்மையில் தெரியும் அளவை அந்நியர் அளக்காமலிருக்கவும். போருக்குப் போகும்போது கழற்றுவார்கள்.

வேலி பற்றி ஒரு வரி. ஹூட்ஸ்ப்ரூட் தளத்தில் காட்டுப்பன்றியையும் மானையும் விரட்ட சிவிங்கிப்புலிகளை உலவவிட்டிருந்தார்கள். சாலையில் அந்த வசதி இல்லை, ஆடு மேய்ப்பவரிடம் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்.

செப்டம்பர் 28, சனி

சரக்கைக் கூட்டுகிறேன். அமெரிக்கர்கள் அலாஸ்காவில் உருவாக்கிய முறையில் நான்கு எஃப்-22-க்கு ஒரு சி-17 சரக்கு விமானம்: ஆள், ஆயுதம், உதிரிபாகம், கருவி எல்லாம் அதற்குள், 24 மணி நேரத்தில் வேறிடத்திலிருந்து கிளம்ப வேண்டும். ஆயுதம் பூட்டுபவரே எண்ணெயும் பிடிக்கப் பழகியிருப்பார். முன்பு எஃப்-35-ன் பராமரிப்புக் கணக்குக்கே கனத்த சர்வர் அடுக்கு வேண்டியிருந்தது, இப்போது கையில் தூக்கும் பெட்டிகளாகச் சுருக்கி வருகிறார்கள். ஆனால் சி-17 இறங்கவும் ஓர் இடம் வேண்டுமே! 13.4 மீட்டர் அதற்குச் சக்கரம் வைக்கத்தான் போதும், இறக்கை விரிவு 51 மீட்டருக்கு மேல். சாலையோரத்து மரங்கள் போக வேண்டும், அல்லது சரக்கு வேறு தளத்தில் இறங்கி லாரியில் வர வேண்டும்.

மக்காடோ தளத்தில் இருக்கும் நம் கிரிப்பன் போர் விமானத்துக்கு 800 மீட்டர் சாலையும், ஒரு தொழில்நுட்பரும், ஐந்து பயிற்சி ஆட்களும், பத்து நிமிடமும் போதும் என்றுதான் ஸ்வீடன் அதை வடிவமைத்தது. அதற்குப் பூச்சுக் கவலை இல்லை. தம்பிக்கு என் பதில்: எஃப்-35 வந்தால் அப்பிங்டனுக்கு அனுப்பு, என்1-ஐ கிரிப்பனுக்கு வை.

செப்டம்பர் 29, ஞாயிறு

விட்டுப்போனது ஒன்று. விமானங்கள் போன பின் சாலையைத் திரும்பக் கொடுக்க வேண்டும். கேபிள் வண்டியின் ஆணித்துளைகளில் தண்ணீர் இறங்கினால் அடுத்த மழையில் பெருங்குழி. துளையைக் காயவிட்டு, சிமென்ட் சாந்து ஊற்றி, மேலே தார் அடைக்க வேண்டும். டிசிபி குத்திய துளைகளுக்கும் அதே. ரப்பர் படிந்த நடுக்கோட்டைக் கழுவி மறுபடி வெள்ளை அடிக்க வேண்டும். எண்ணெய் சிந்திய இடத்தில் தார் இளகியிருக்கும், வெட்டி எடுத்துப் புதுசு போட வேண்டும். பூனைக்கண்களைத் திரும்ப ஒட்டி, பசை இறுகும்வரை லாரியை விடக் கூடாது.