பதிவேடு இருந்த இடத்துக்கே முதலில் வந்தது

ஒரு துறை செயற்கை நுண்ணறிவை விரைந்து ஏற்கிறது, இன்னொன்று தயங்குகிறது. தொழில்நுட்பத்தின் திறமை மட்டுமே இதற்குக் காரணம் என்று நான் நம்பவில்லை.

வங்கிகளைப் பாருங்கள். காசோலையில் கையால் எழுதிய எண்களைப் படிக்கவும், கடன் அட்டை மோசடியைப் பிடிக்கவும் 1990களிலேயே நரம்பணு வலையமைப்புகள் (எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தானே கற்கும் கணினி நிரல்கள்) வந்துவிட்டன. அங்கே ஒவ்வொரு பரிவர்த்தனையும் தானாகவே பதிவாகிறது. எது மோசடி என்பதும் வாடிக்கையாளரின் புகாரால் பெரும்பாலும் விரைவில் தெரிந்துவிடுகிறது. கணினி கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏது? நல்ல அட்டையைத் தவறுதலாக நிறுத்திவிட்டாலும் ஒரு தொலைபேசி அழைப்பில் சரிசெய்யலாம்.

மருத்துவத்தில் பிழையின் விலை உயிராக இருக்கலாம். அதனால் கதவு மெதுவாகத் திறந்தது. அதுவும் படங்கள் குவிந்து கிடந்த பக்கமாக. நீரிழிவால் விழித்திரைக்கு வரும் பாதிப்பை, படத்தை மருத்துவர் பார்த்துச் சொல்லாமலேயே கண்டறியும் மென்பொருளுக்கு அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2018இல் அனுமதி அளித்தது.

கட்டுமானத்திலோ ஒவ்வொரு பணியிடமும் வேறு, பாதி விவரம் மேஸ்திரியின் நினைவில்தான் இருக்கிறது. கணினி கற்றுக்கொள்ள அங்கே பதிவு குறைவு.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் இன்னொரு உந்துதல் சேர்ந்துகொண்டது: பின்தங்கிவிடுவோமோ என்ற அச்சம். எனக்குக் கவலை தருவது இதுதான். எந்த வேலைக்கு என்று முடிவு செய்யாமலேயே நிறுவனங்கள் கருவியை வாங்குகின்றன. அதற்கு வேலை தேடிக் கொடுக்கும் பாரம் ஊழியர்கள் தலையில் விழுகிறது.

உங்கள் துறைக்குள் இதைக் கொண்டுவந்தது தேவையா, அச்சமா? அனுபவத்தை எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிக்கிறேன்.