ஷ்வான் செல் ஏன் பெருகவில்லை?

புதுச்சேரியில் நரம்பு செல் வளர்ப்பில் இறங்கும் மாணவர்களுக்காக இது. எலியின் இடுப்பு நரம்பிலிருந்து எடுத்த ஷ்வான் செல் (நரம்பிழையைச் சுற்றி உறை போடும் செல்), வெறும் 10% சீரம் (இரத்தத்தின் தெளிநீர்) கலந்த ஊடகத்தில் மந்தமாகவே பிரியும். அது பெருக இரண்டு சமிக்ஞைகள் சேரவேண்டும். நியூரெகுலின் என்ற வளர்ச்சிப் புரதம் வெளியிலிருந்து எர்பி2, எர்பி3 ஏற்பிகளைத் தூண்டும். உள்ளே பிஐ3கே, மேப் கைனேஸ் என்ற சமிக்ஞைப் பாதைகள் விழிக்கும். ஃபோர்ஸ்கோலின் என்ற தாவரப் பொருள், செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறை உயர்த்தி அந்தத் தூண்டலுக்கு வலு சேர்க்கும். (சேலம் பக்கம் பயிராகும் மருந்துக் கூர்க்கன் கிழங்கில் கிடைப்பதுதான் இது.)

ஃபோர்ஸ்கோலினின் வழக்கமான அளவு 2 மைக்ரோமோலார். 10 மில்லிமோலார் கரைசலாக டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து வைத்தால், 10 மிலி ஊடகத்துக்கு 2 மைக்ரோலிட்டர் போதும். தண்ணீரில் கரைக்கப் பார்க்காதீர்கள், படிந்துவிடும். டிஎம்எஸ்ஓ ஈரத்தை உறிஞ்சும். நம்மூர்க் கடல்காற்றில் புட்டியைத் திறந்து போடாமல், சிறு குழாய்களில் பிரித்து உறைய வையுங்கள்.

பெரிய தலைவலி, கூடவே வளரும் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு செல்). மெலிந்த, இருமுனை நீண்ட ஷ்வான் செல்களுக்கு நடுவே தட்டையாய் அகன்று பரவும். முதல் சில நாட்கள் 10 மைக்ரோமோலார் சைட்டோசின் அராபினோசைடு என்ற, பிரியும் செல்லைக் கொல்லும் மருந்தைக் கொடுத்தால் வேகமாகப் பிரியும் அவை சாகும். அந்த நேரத்தில் நியூரெகுலின் சேர்த்தால் ஷ்வான் செல்லும் கூடவே போகும்!

சீரத்தை நிறுத்தி, சைக்ளிக் ஏஎம்பியை மட்டும் ஏற்றினால் செல் பெருகாது, மயலின் (நரம்பிழையின் கொழுப்பு உறை) உருவாக்கும் பக்கம் திரும்பும்.