பெரிய மடக்குக்கத்தியா, உறைக்கத்தியா?

முகாமுக்கும் மலையேற்றத்துக்கும் தோட்ட வேலைக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல கத்தி வாங்க நினைப்பவர்கள், அலகு கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்த அடுத்த கணமே ஒரு கேள்வியில் வந்து நிற்கிறார்கள். அந்த நீண்ட அலகு பிடிக்குள் மடங்கிக்கொள்ள வேண்டுமா, அல்லது மடங்காமல் ஓர் உறைக்குள் கிடக்க வேண்டுமா என்பதே அது. இரண்டு வகையையும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறவன் என்ற முறையில் என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலகின் நீளம் எட்டு, ஒன்பது சென்டிமீட்டருக்குள் இருக்கும்வரை மடக்குக்கத்தியைப் போல வசதியான கருவி வேறில்லை. அதைத் தாண்டிவிட்டால், மடங்குவதற்காக நாம் விட்டுக்கொடுப்பவை கூடிக்கொண்டே போகின்றன, மடங்குவதால் கிடைக்கும் வசதியோ குறைந்துகொண்டே வருகிறது. ஆகவே பெரிய கத்திதான் வேண்டும் என்பவருக்கு உறைக்கத்தியையே நான் பரிந்துரைப்பேன்.

இதற்கு முதல் காரணம் எளிய அளவுக் கணக்கு. மடங்கும்போது அலகு முழுவதும் பிடிக்குள் அடங்க வேண்டும் என்பதால், பிடி எப்போதும் அலகைவிட நீளமாகவே இருந்தாக வேண்டும். நான்கு விரல்களும் வசதியாகப் பதிய ஏறத்தாழ 11 அல்லது 12 செ.மீ. பிடி போதும். ஒன்பது செ.மீ. அலகுள்ள மடக்குக்கத்தியில் இந்த இரண்டு தேவைகளும் அழகாக ஒத்துப்போகின்றன. கைக்கு வேண்டிய நீளமே அலகை மறைக்கவும் போதுமானதாகிவிடுகிறது. அலகு 14 செ.மீ. ஆனால் பிடி 17 செ.மீ. ஆக வேண்டும். கைக்குத் தேவையில்லாத அந்த ஐந்து சென்டிமீட்டரை அலகுக்காக மட்டுமே சுமக்கிறோம். உறைக்கத்தியில் இந்தக் கட்டாயம் இல்லை. அலகு வேலைக்கு ஏற்ற நீளம், பிடி கைக்கு ஏற்ற நீளம்.

எடையிலும் இதே கதைதான். பக் நிறுவனத்தின் 110 என்ற மாதிரியை எடுத்துக்கொள்வோம். 1960களில் வெளிவந்து, பூட்டுள்ள (திறந்த அலகு மடங்கிவிடாமல் பிடித்துவைக்கும் அமைப்புள்ள) பெரிய மடக்குக்கத்தி என்றாலே நினைவுக்கு வரும் வடிவமாக நிலைத்துவிட்ட கத்தி அது. அதன் அலகு 3¾ அங்குலம், அதாவது ஒன்பதரை செ.மீ.; பித்தளை முனைகளும் மரப் பட்டைகளும் கொண்ட அதன் எடை ஏறத்தாழ 200 கிராம். சுவீடனின் மோரா கம்பேனியன் உறைக்கத்தியின் அலகு பத்து செ.மீ.க்குச் சற்று மேல். உறையோடு சேர்த்து நிறுத்தாலும் அதன் எடை சுமார் 120 கிராம்தான். மடக்குக்கத்தி என்றால் இலகுவானது என்ற பொது நம்பிக்கை இந்த அளவில் தலைகீழாகிவிடுகிறது. பூட்டு, வில், அலகு சுழலும் அச்சு, இருபுறத் தகடுகள், அவற்றை இணைக்கும் ஆணிகள் என்று வெட்டும் வேலையில் நேரடியாகப் பங்கு பெறாத உலோகம் பெரிய மடக்குக்கத்தியில் அவ்வளவு இருக்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சட்டைப்பைக்கோ கால்சட்டைப்பைக்கோ அது கனம் என்பதால், பக் 110 இடுப்புவாரில் மாட்டும் தோலுறையுடனேயே விற்கப்படுகிறது. இடுப்பில் உறை மாட்டுவது என்று ஆகிவிட்டபின், உள்ளே இருக்கும் கத்தி மடங்க வேண்டிய அவசியம் என்ன என்ற கேள்வி எனக்கு எப்போதும் எழுவதுண்டு.

ஆனால் எடையும் நீளமும் வசதி பற்றிய விஷயங்கள், அவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். நான் அதிகம் கவலைப்படுவது பூட்டைப் பற்றித்தான்.

மடக்குக்கத்தியால் ஒன்றை வெட்டும்போது, பொருள் அலகின் வாய்ப்பகுதியை எதிர்த்துத் தள்ளுகிறது. அந்த விசை அலகை மேலும் திறக்கும் திசையில் செயல்படுவதால், அதைத் தாங்குவது உள்ளே இருக்கும் தடுப்பு ஆணி. பூட்டுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. சாதாரணமாகச் சீவுவதிலும் அறுப்பதிலும் ஒரு சிறிய, மலிவான மடக்குக்கத்திகூடக் கைவிடாமல் உழைப்பதற்குக் காரணம் இதுவே. பூட்டுக்குச் சோதனை வருவது விசை எதிர்த் திசையில் திரும்பும்போது: மரத்தில் ஆழமாகச் சிக்கிய அலகை அசைத்து இழுக்கும்போது, முனையால் குடைந்து திருப்பும்போது, கை தவறி அலகின் முதுகு எதன்மீதாவது மோதும்போது. அலகு ஒரு நெம்புகோலாக மாறும் இடம் அது. பூட்டு அலகைத் தாங்கும் புள்ளி அச்சிலிருந்து ஒரு செ.மீ. தொலைவில் இருக்கிறது என்றும், முதுகில் பத்து செ.மீ. தொலைவில் பத்து கிலோ அழுத்தம் விழுகிறது என்றும் வைத்துக்கொண்டால், பூட்டின் மீது விழுவது நூறு கிலோவுக்கு நிகரான அழுத்தம். அலகை 19 செ.மீ. ஆக்கினால், அதன் முனையருகே விழும் அதே பத்து கிலோ 190 கிலோவாகப் பெருகும். கோல்ட் ஸ்டீல் நிறுவனத்தின் எஸ்படா வரிசையில் 7½ அங்குல அலகுள்ள மடக்குக்கத்தியே இருக்கிறது என்பதால், இது வெறும் கற்பனைக் கணக்கு அல்ல. அலகு நீள நீள, அதே பூட்டு தாங்க வேண்டிய சுமையும் நேர் விகிதத்தில் ஏறுகிறது. அந்தச் சுமை நழுவினால் அலகு மூடும் பாதையில் காத்திருப்பவை நம் விரல்கள்.

கத்தி வடிவமைப்பாளர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள்; கடந்த சில பத்தாண்டுகளில் அவர்களுடைய அறிவுழைப்பில் பெரும்பகுதி பூட்டிலேயே செலவாகியிருக்கிறது என்று சொல்லலாம். பிரான்சின் ஒப்பினெல் கத்தியில் 1955இல் சேர்க்கப்பட்ட வைரோபிளாக் என்ற சுழல் வளையம் எனக்கு இன்றும் பிடித்தமானது. வளையத்தைத் திருப்பினால் அலகு மூடும் வழியே அடைபட்டுவிடுகிறது, ஒரு குழந்தைக்குக்கூட அதன் செயல்பாடு கண்ணுக்குத் தெரியும். மைக்கேல் வாக்கர் 1980களின் தொடக்கத்தில் செம்மைப்படுத்திய லைனர் லாக்கில், பிடியின் உட்புறத் தகட்டிலிருந்தே ஒரு நாக்கு வளைந்து வந்து அலகின் அடிப்பகுதியைத் தாங்கிக்கொள்கிறது. அதே கருத்தைப் பிடியின் தடித்த பக்கத் தகட்டுக்கே கொண்டுசென்றவர் கிறிஸ் ரீவ். பிடியின் முதுகில் அமையும் பூட்டில் ஒரு தடுப்பு ஆணியைக் கூடுதலாக வைத்து, சுமையை அந்த ஆணிக்கு மாற்றிவிடும் ட்ரை-ஆட் பூட்டை ஆண்ட்ரூ டெம்கோ உருவாக்கினார். பெரிய மடக்குக்கத்திதான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பூட்டு அதுவே. இவை அனைத்தும் மதிப்புக்குரிய தீர்வுகள். ஆனாலும், உறைக்கத்தியில் இந்தச் சிக்கல் எழவே இடமில்லை என்பதை மறக்க முடியவில்லை.

லைனர் லாக் கத்தியைக் கடையில் கையில் எடுப்பவர்கள் ஒரு நிமிடம் ஒதுக்கி ஒன்றைப் பார்க்க வேண்டும். அலகை முழுதும் திறந்து, வெளிச்சத்தில், பிடியில் அலகு மடங்கி நுழையும் பிளவின் வழியாக உள்ளே பாருங்கள். அந்த மெல்லிய நாக்கு அலகின் அடிப்பகுதியில் எவ்வளவு தூரம் உள்ளே சென்று பதிந்திருக்கிறது என்பது தெரியும். ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு நின்றால் நம்பக் கூடாது. எதிர்ப்புறத் தகடுவரை போய் ஒட்டிக்கொண்டிருந்தால் தேய்மானத்துக்கு இனி இடமில்லை என்று பொருள். இடையில் எங்கோ உறுதியாக நிற்பதே நல்லது. பிறகு பிடியை இறுகப் பற்றி, அலகின் முதுகை இன்னொரு கையின் விரல்களால் மேலும் கீழும், பக்கவாட்டிலும் மெல்ல அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டு ஆட்டம் பெரும்பாலும் அச்சுத் திருகை இறுக்கினால் சரியாகிவிடும். மேலும் கீழுமான ஆட்டம் பூட்டின் குறை. அதைத் திருகால் சரிசெய்ய முடியாது. இதைப் பார்க்கும்போது விரல்கள் அலகின் பாதையில் இல்லாதபடி வைத்துக்கொள்வது முக்கியம்.

விறகைப் பிளக்க, அலகை மரத்தின் தலையில் வைத்து அதன் முதுகில் கட்டையால் அடிக்கும் வேலைக்குப் பெரிய மடக்குக்கத்தியைப் பயன்படுத்துவதைப் பலர் செய்து காட்டுகிறார்கள். ஒவ்வோர் அடியும் நான் மேலே சொன்ன நெம்புகோலை நேரே பூட்டின் மீது ஏற்றுகிறது. வேறு வழியே இல்லையென்றால், பூட்டை விடுவித்த நிலையில், பிடியைத் தளர்வாக விட்டு அடிப்பதே கத்திக்கும் கைக்கும் பாதுகாப்பு. முழுக்காம்பு உள்ள ஒரு நடுத்தர உறைக்கத்தி இந்த வேலையை எந்தச் சடங்கும் இல்லாமல் செய்துவிடும்.

காம்பு என்று சொன்னதும் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. அலகின் எஃகு பிடிக்குள் தொடரும் பகுதியைத்தான் காம்பு என்கிறேன். அது பிடியின் முழு நீளமும் அகலமும் சென்றால் முழுக்காம்பு. முழுக்காம்பு இல்லாவிட்டால் உறைக்கத்தியே வீண் என்று சிலர் எழுதுவது மிகைப்படுத்தல். 1942 முதல் அமெரிக்க மரைன் படையினர் கொண்டுசென்ற ஏழு அங்குலக் கா-பார் கத்தியின் காம்பு ஒடுங்கியதுதான். அதன் மேல் தோல் வளையங்களை அடுக்கி இறுக்கிப் பிடி செய்திருப்பார்கள். மோரா கம்பேனியனின் காம்பு பிடியின் கடைசிவரைகூடச் செல்வதில்லை, ஆனாலும் அது நெடுங்காலம் உழைக்கிறது. அலகும் காம்பும் சேரும் இடத்தில் கூர்மூலை விடாமல் வளைவாகக் கடைந்திருக்கிறார்களா என்பதும், எஃகு சரியாகப் பதம் ஏற்றப்பட்டிருக்கிறதா என்பதும் காம்பின் அகலத்தைவிட முக்கியம். முழுக்காம்புக் கத்தி எடை கூடியது. கடுங்குளிரில் பிடியின் விளிம்பில் தெரியும் எஃகு கையைக் கடிக்கவும் செய்யும்.

சுத்தம் செய்வதில் ஒப்பீடே தேவையில்லை. உறைக்கத்தியைக் கழுவித் துடைத்தால் வேலை முடிந்தது. மடக்குக்கத்தியின் அச்சில் மணல் புகுந்துவிட்டால் திறக்கும்போதே அந்த நறநறப்பு விரலுக்குத் தெரியும். பூட்டு பதியும் குழியில் பழச்சாறோ பிசினோ உறைந்து கிடந்தால், பூட்டு அரைகுறையாகப் பதிந்துவிட்டு முழுதும் பதிந்ததைப் போலத் தோற்றமளிக்கும். ஈரமான வேலை செய்பவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

உறைக்கத்தியின் குறைகளும் சிறியவை அல்ல. அவற்றில் பெரும்பாலானவை உறையைச் சார்ந்தவை. கத்திக்கு நிறையச் செலவிட்டு உறையைக் கவனிக்காமல் விடுபவர்கள் அதிகம். தோலுறை அழகானது, ஓசையற்றது. ஆனால் நனைந்தால் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதிகக் கரிமம் உள்ள எஃகை அதில் நாள்கணக்கில் விட்டுவைத்தால் துரு ஏறிவிடும். கைடெக்ஸ் போன்ற நெகிழி உறைகள் ஈரத்தை உறிஞ்சுவதில்லை. அவற்றின் அடியில் நீர் வடியும் துளை இருக்க வேண்டும். உள்ளே கெட்டியான பட்டை இல்லாத மெல்லிய துணியுறையை நான் எவருக்கும் சொல்ல மாட்டேன், கீழே விழும்போது முனை துணியைத் துளைத்துத் தொடையில் இறங்க வாய்ப்புண்டு. உறையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் கத்தி நழுவக் கூடாது. அதோடு, முதுகுப்பையின் இடுப்புப்பட்டையும் உறையும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும். நீண்ட நேரம் வாகனம் ஓட்டுபவருக்கும் குதிரையேறுபவருக்கும் இடுப்பில் தொங்கும் உறை இடைஞ்சல்தான். இப்படி எந்நேரமும் உட்கார்ந்தே இருப்பவர்களும், இடுப்பில் எதையும் மாட்ட விரும்பாதவர்களும் பெரிய மடக்குக்கத்தியைத் தேர்ந்தெடுத்தால் அதில் நியாயம் இருக்கிறது. 1981இல் ஸ்பைடர்கோ தன் முதல் மடக்குக்கத்தியில், பையின் விளிம்பில் மாட்டும் கவ்வியையும் ஒரு கையால் திறப்பதற்கான வட்டத் துளையையும் சேர்த்ததிலிருந்து, அவர்களுக்கான வழி இன்னும் எளிதாகியிருக்கிறது.

மற்றவர்களின் பார்வையையும் கணக்கில் எடுக்க வேண்டும். இடுப்பில் தெரியும் உறைக்கத்தி அருகில் இருப்பவரைச் சங்கடப்படுத்தலாம். மடங்கிய கத்தி அவ்வளவாகக் கண்ணில் படாது. ஆனால் மடங்குகிறது என்பதாலேயே சட்டம் அதை எளிதாக விட்டுவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. பிரிட்டனில் தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் கொண்டுசெல்ல அனுமதிக்கப்படுவது, மூன்று அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடக்குக்கத்தி மட்டுமே. பூட்டு வந்துவிட்டால் அதுவும் உறைக்கத்தியைப் போலவே கருதப்படும். ஜெர்மனியில் ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்திகளையும், 12 செ.மீ.க்கு மேற்பட்ட அலகுள்ள மடங்காத கத்திகளையும் ஒரே சட்டப்பிரிவு கட்டுப்படுத்துகிறது. அதாவது பெரிய மடக்குக்கத்தியைப் பாதுகாப்பாக்கும் பூட்டும், அதை வசதியாக்கும் ஒருகைத் திறப்புமே சில நாடுகளில் அதைச் சிக்கலில் மாட்டிவிடுகின்றன.

இரண்டு கத்திகள் வைத்துக்கொள்ள முடிந்தவர்களுக்குத் தேர்வே கடினமில்லை. எட்டு செ.மீ. அலகுள்ள ஒரு மெல்லிய மடக்குக்கத்தி எப்போதும் பையில் இருக்கட்டும். காகிதம், கயிறு, பழம், அட்டைப்பெட்டி எல்லாவற்றுக்கும் அது போதும். காட்டுக்கோ முகாமுக்கோ போகும்போது மட்டும், பத்து முதல் பன்னிரண்டு செ.மீ. அலகும் மூன்று மி.மீ.யை அதிகம் தாண்டாத தடிமனும் உள்ள உறைக்கத்தியைச் சேர்த்துக்கொள்ளலாம். தடித்த அலகு வலிமையாகத் தோன்றினாலும், சீவும்போது பொருளை வெட்டுவதைவிடப் பிளந்து தள்ளவே செய்கிறது. ஒன்றுதான் முடியும் என்றால், முதலில் அந்தச் சிறிய மடக்குக்கத்தியையே வாங்குங்கள்; பெரிய கத்திக்கான தேவை உண்மையிலேயே இருக்கிறதா என்பதை அதைப் பயன்படுத்தும் வேலைகளே தெளிவாக்கிவிடும்.