பின்சீட்டை வைத்துத் தேர்ந்தெடுத்த எஸ்யூவி

பழைய காரை மாற்ற வேண்டும் என்று முடிவெடுக்க வைத்தது அம்மாவின் முழங்கால். தாழ்வான செடானில் ஏறும்போது சீட்டுக்குள் விழுவதுபோல உட்காருவார். இறங்கும்போது ஒரு கை கதவில், இன்னொரு கை என் தோளில். அதோடு மகளுக்குப் பின்பக்கம் பார்த்து உட்காரும் குழந்தை சீட் வேறு வந்து சேர்ந்தது. நடுத்தர அளவு எஸ்யூவி என்பது ஒரே நாளில் முடிவானது. எந்த எஸ்யூவி என்பதற்கு நான்கு மாதம் ஆனது.

முதல் மாதத்தை வீணடித்தேன் என்றே சொல்ல வேண்டும். குதிரைத்திறன், டார்க், டிக்கி எத்தனை லிட்டர் என்று அட்டவணை போட்டு மதிப்பெண் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதில் முதலிடம் வந்த வண்டியைப் பார்க்க அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவரால் ஏறவே முடியவில்லை. சீட் உயரம், கீழே கதவு விளிம்பும் அகலம். காலைத் தூக்கி உள்ளே வைப்பதற்குள் வலி வந்துவிட்டது.

எஸ்யூவி என்றாலே வயதானவர்களுக்கு வசதி என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. லாரிபோலத் தனிச் சட்டத்தின் மேல் உடலைப் பொருத்திய வண்டிகளில் தரை பெரும்பாலும் உயர்ந்தே இருக்கும். கார்போல உடலும் சட்டமும் ஒன்றாக உள்ளவை சற்றுத் தாழ்வு. 1994-ல் வந்த டொயோட்டா ரேவ்4, மறுவருடம் வந்த ஹோண்டா சிஆர்-வி எல்லாம் இந்த இரண்டாவது வகை. சீட் மேற்பரப்பு ஏறக்குறைய இடுப்பு மட்டத்தில் இருந்தால், முதுகைத் திருப்பி அப்படியே உட்கார்ந்து, கால்களை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்ததும் தரையிலிருந்து அம்மாவின் இடுப்பு எவ்வளவு உயரம் என்று அளந்து குறித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எந்த ஷோரூமுக்குப் போனாலும் முதலில் பையிலிருந்து வெளியே வந்தது அளவு டேப்தான். பட்டியலில் இருந்த ஏழு வண்டிகளில் மூன்று அங்கேயே கழிந்தன.

அடுத்தது குழந்தை சீட். இதைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்க்காமல் யாரும் முடிவெடுக்காதீர்கள். பின்பக்கம் பார்க்கும் சீட்டை மாட்டினால் முன்சீட்டை நகர்த்த வேண்டியிருக்கும். ஒரு வண்டியில் அப்படி நகர்த்தியதும் முன்னால் உட்கார்ந்த என் மனைவியின் முழங்கால் டேஷ்போர்டைத் தொட்டது. காகிதத்தில் அந்த வண்டிதான் மற்றவற்றைவிட நீளம். குழந்தை சீட்டைக் காரோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் வளையங்கள் பெரும்பாலும் பின்சீட்டின் இரு ஓரங்களில்தான் இருக்கும். சிலவற்றில் அவை மெத்தைக்குள் புதைந்திருக்க, விரல் நகம் உடைகிற அளவுக்குத் தேட வேண்டியிருந்தது. தினமும் கழற்றி மாட்டுபவர்களுக்கு இது பெரிய தொல்லை.

அப்புறம், டெஸ்ட் டிரைவ். விற்பனையாளர்கள் அழைத்துப் போகும் வழி வழவழவென்று இருக்கும். நான் மேடு பள்ளமுள்ள ஒரு சாலையைச் சொல்லிக் கேட்டேன். சிலர் தயங்கினார்கள். கேட்டால் கிடைக்கும், விடாமல் கேளுங்கள். ஒரு தடவை நான் ஓட்டினேன், இன்னொரு தடவை மனைவியை ஓட்டச் சொல்லி நான் பின்னால் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். முன்சீட்டில் தெரியாத குலுக்கல் எல்லாம் பின்னால் தெரிந்தது.

அங்கேதான் டயரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். ஒரே வண்டியை 19 அங்குல வீலிலும் 17 அங்குல வீலிலும் விற்றார்கள். 225/55 ஆர்19 என்றால் டயரின் பக்கச்சுவர் உயரம் 225 மி.மீ. அகலத்தில் 55 சதவீதம், அதாவது சுமார் 124 மி.மீ. 225/65 ஆர்17-ல் அது 146 மி.மீ. பள்ளத்தில் விழும்போது அதிர்வைத் தாங்க அந்த 22 மி.மீ. ரப்பரும் காற்றும் கூடுதலாக இருக்கிறது. பெரிய வீல் பார்க்க அழகு, மறுக்கவில்லை. ஆனால் அம்மா இரண்டிலும் போய்விட்டு, எது எந்த அளவு என்று தெரியாமலே சின்ன வீல் வண்டியைக் காட்டினார். அதோடு அந்த விவாதம் முடிந்தது.

நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் சக்தி போகும் மாடலை எடுக்கச் சொல்லி எல்லாரும் வற்புறுத்தினார்கள். பனியிலும் சேற்றிலும் வண்டி கிளம்ப அது உதவும். பிரேக் பிடிக்கும்போது உதவாது. பிரேக் எந்தக் காரிலும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. எங்கள் ஓட்டம் முழுக்கத் தார்ச்சாலை என்பதால் வேண்டாம் என்றோம்.

டீசலும் வேண்டாம் என்றானது. எங்களுடையது பெரும்பாலும் குறுகிய தூரப் பயணம். டீசலின் புகை வடிகட்டி தன்னில் சேரும் கரியை எரித்துச் சுத்தமாக்க, புகைக்குழாய் நன்றாகச் சூடாகும் நீண்ட ஓட்டம் வேண்டும். அது இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். நின்று நின்று போகும் ஓட்டத்துக்கு, பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் உள்ள ஹைபிரிட் பொருந்தியது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியை அது பேட்டரிக்குத் திருப்புகிறது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகிறவர்களுக்கு அந்த லாபம் குறைவு.

பாதுகாப்பு நட்சத்திரங்களைப் பார்க்கும்போது எந்த வருடத்துச் சோதனை என்றும் பாருங்கள். கார்களை மோதவிட்டுச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் போன்ற அமைப்புகள் விதிகளை அவ்வப்போது கடுமையாக்குகின்றன. பத்து வருடத்துக்கு முந்தைய ஐந்து நட்சத்திரமும் இன்றைய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. சோதித்த வண்டியில் இருந்த ஏர்பேக்குகள் நீங்கள் வாங்கும் மாடலில் இருக்கின்றனவா என்றும் சரிபார்க்க வேண்டும். ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வேறு வேறு வண்டி விற்கிறார்கள். எதை வாங்கினேன் என்று நான் பெயர் சொல்லாததற்கும் அதுதான் காரணம்.

விலை பேசியது எனக்குப் பிடிக்காத பகுதி. விலையைக் கேட்டால் மாதத் தவணையைச் சொன்னார்கள். அறுபது மாதத்தை எண்பத்து நான்காக இழுத்தால் தவணை சிறிதாகும், மொத்த வட்டி ஏறும். எல்லாம் சேர்த்து ஒரே தொகையாக எழுதிக் கொடுங்கள், தவணையைப் பிறகு பேசலாம் என்று மூன்று முறை சொன்ன பிறகே காகிதம் வந்தது. நாங்கள் கேட்காத இரண்டு பொருட்கள் அதில் இருந்தன. அவற்றை நீக்கச் சொன்னேன், நீக்கினார்கள்.

வண்டியை மாலை இருட்டும் நேரத்தில் தருவதாகச் சொன்னார்கள். பெயின்ட் கீறலை விளக்கு வெளிச்சத்தில் பார்க்க முடியாது, காலையில் வருகிறேன் என்றேன். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. மூன்று டயர்களில் ஒரே வாரம், நான்காவது ஒரு வருடத்துக்கும் மேல் பழையது. காரணம் கேட்டேன், சரியான பதில் வரவில்லை. மாற்றித் தரும்வரை கையெழுத்துப் போடவில்லை. மூன்று நாள் ஆனது.

வீட்டுக்கு ஓட்டி வரும்போது அம்மா, "அன்னைக்கு இப்படித் தூக்கிப் போடலையேப்பா" என்றார். எனக்கு வயிறு கலங்கியது. மறுநாள் காலை டயர்கள் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தத்தை அளந்தேன். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைவிட நான்கிலும் நன்றாகவே கூடுதல். தொழிற்சாலையிலிருந்து ஏற்றி அனுப்பும்போது அழுத்தத்தைக் கூட்டி வைப்பது வழக்கம். அதைக் குறைத்துத் தர வேண்டியவர்கள் மறந்திருக்கிறார்கள். குறைத்துவிட்டு, அன்று ஓட்டிய அதே மேடு பள்ளச் சாலையில் அம்மாவை மறுபடி கூட்டிப் போனேன். பாதி வழியில் கண்ணாடியில் பார்த்தேன், அம்மா குழந்தை சீட்டின் மேல் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.