எக்ஸ்ட்ரீமோடு ஒரு ஜூன் மாதம்

ஜூன் 7, சனி

ஊர் கட்டி, படை திரட்டிச் சண்டை போடும் வியூக ஆட்டமான ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ இன் புதுப்பித்த பதிப்பு டெஃபினிட்டிவ் எடிஷன். இந்த மாதம் அதில் கணினியோடு மட்டும் ஆடுவது என்று முடிவு. அரேபியா மேப், ஒற்றைக்கு ஒற்றை. எதிரி, எக்ஸ்ட்ரீம் என்ற மிகக் கடினமான நிலையில் கணினி ஆடும் பிராங்குகள். என் பக்கம் திராவிடர்கள்.

2022 ஏப்ரலில் ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ என்ற கூடுதல் தொகுப்பு வரும்வரை இந்த ஆட்டத்தில் இந்தியா முழுவதற்கும் ஒரே நாகரிகம்தான். அதற்கப்புறம்தான் வங்காளிகள், கூர்ஜரர்கள், இந்துஸ்தானிகள், திராவிடர்கள் என்று பிரித்தார்கள். திராவிட வீரனைக் கிளிக் செய்தால் தமிழில் பதில் சொல்கிறான். உருமி என்ற சுருள்வாள் வீசுகிறவன் இருக்கிறான், திரிசடை என்ற பெரிய கப்பல் இருக்கிறது, ராஜேந்திர சோழன் கதையை ஆடிப் பார்க்கத் தனி கேம்பெய்னே இருக்கிறது. இவர்களை விட்டு வேறு யாரையும் எடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

ஒரே சங்கடம், திராவிடர்களுக்கு நைட் என்ற கவசக் குதிரைவீரன் கிடையாது. பிராங்குகளுக்கு அதுதான் உயிர். ஆட்டத்தின் இரண்டாவது யுகமான ஃபியூடல் ஏஜிலிருந்தே அவர்களுடைய குதிரைப்படைக்கு 20 சதவீதம் கூடுதல் உயிர்பலம் (ஹெச்.பி.). அடுத்த யுகமான காசில் ஏஜ் தொட்ட கொஞ்ச நேரத்தில் நைட்டுகள் வந்து மரம் வெட்டுகிறவர்களைத் துடைத்துவிட்டன. இன்று தோல்வி.

ஜூன் 8, ஞாயிறு

நேற்றைய ஆட்டத்தின் ரெக்கார்டிங்கை எதிரியின் பக்கத்திலிருந்து ஓட்டிப் பார்த்தேன். இதை எல்லோரும் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும்.

உணவும் மரமும் சேர்க்கும் வேலையாள்தான் வில்லேஜர். டவுன் சென்டரில் ஒரு வில்லேஜர் பிறக்க 25 வினாடி, 50 உணவு. ஃபியூடல் ஏஜுக்கு ஏற 500 உணவு. இந்தக் கணக்கு ஆடுகிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் சண்டை நடக்கும்போது கண் அங்கேதான் போகும், டவுன் சென்டர் சும்மா நிற்கும். கணினிக்கு அந்தத் தடுமாற்றமே இல்லை. வீட்டு வாசலில் அம்பு பறக்கிறது, அது பாட்டுக்கு அடுத்த வில்லேஜருக்கு ஆர்டர் போடுகிறது. நைட்டுகள் சீக்கிரம் வந்ததில் மாயம் ஒன்றும் இல்லை.

ஜூன் 11, புதன்

இரவு விளையாடவில்லை, படித்தேன். இந்த ஆட்டத்தின் ஏ.ஐ. மூளை .per என்று முடியும் சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் எழுதப்படுவது. ‘இன்ன நிலைமை இருந்தால் இன்னதைச் செய்’ என்று விதி விதியாக அடுக்கியிருப்பார்கள். வில்லேஜர் உருவாக்க முடிகிற நிலையா, உருவாக்கு. காசில் ஏஜுக்கு 800 உணவும் 200 தங்கமும் சேர்ந்துவிட்டதா, முன்னேறு. மேலிருந்து கீழாக விதிகளைப் பார்ப்பதும், பொருந்துவதைச் செய்வதும், மறுபடி மேலே போவதும்தான் அதன் வேலை. நோட்பேடில் நாமே ஒன்று எழுதி அதோடு மோதலாம். அப்படி எழுதி, ஏ.ஐ.க்களை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்க்கிறவர்களும் உண்டு.

ஜூன் 14, சனி

ஒரு விஷயத்தை எழுதியே ஆக வேண்டும். வியூக ஆட்டங்களில் கணினியைப் பலமாக்க இரண்டு வழி. ஒன்று, அதை நன்றாக ஆட வைப்பது. இன்னொன்று, அதன் பையில் ரகசியமாகக் காசு திணிப்பது. ‘சிவிலைசேஷன் 6’ ஆட்டத்தில் மிகக் கடினமான டீட்டி நிலைக்குப் போனால், நாம் நகரம் அமைக்கும் ஒரு செட்லரோடு தொடங்கும்போது எதிரிகள் மூன்றோடு தொடங்குவார்கள். 1999 இல் வந்த ஏஜ் 2 இல்கூட ஹார்டெஸ்ட் நிலையில் கணினிக்கு அது சம்பாதிக்காத பொருளும் கிடைத்தது. டெஃபினிட்டிவ் எடிஷன் ஏ.ஐ.க்கு அந்தச் சலுகை இல்லை. எனக்குள்ள அதே ஆடுகள், அதே பன்றிகள், அதே 25 வினாடி.

எனக்கு இது பெரிய விஷயம். காசு திணிக்கப்பட்ட எதிரியிடம் தோற்றால், அதன் ஓட்டையைக் கண்டுபிடித்து ஏமாற்றத்தான் தோன்றும். அப்படி ஜெயித்தால் அந்த ஓட்டையைப் பற்றித் தெரியுமே தவிர ஆட்டம் கைக்கு வராது. நேர்மையாக ஆடும் எதிரியிடம் தோற்றால் எங்கே பின்தங்கினோம் என்று போய்ப் பார்க்கலாம், அடுத்த முறை அதைச் சரிசெய்யலாம். வியூக ஆட்டம் எழுதுகிறவர்கள் முதலில் இதற்குத்தான் உழைக்க வேண்டும், கிராபிக்ஸ் எல்லாம் அப்புறம்.

ஜூன் 18, புதன்

நேரமில்லை. கணினியைக் கூட்டாளியாக வைத்து ஒரே ஒரு ஆட்டம். சாட்டில் 31 என்று அடித்தால் கூட்டாளி தாக்கப் போகும். 38 அடித்தால் மிச்சமிருக்கும் பொருளைக் கேட்கலாம். அருமையான ஏற்பாடு.

ஜூன் 22, ஞாயிறு

இன்று வெற்றி, அதுவும் பொறுமையாக வந்த வெற்றி.

நைட் இல்லையே என்ற கவலையை விட்டுவிட்டு, திராவிடர்களிடம் இருப்பதைப் பார்த்தேன். காலாட்படை உருவாகும் பாரக்ஸில் செய்யும் ஆராய்ச்சிகள் பாதி விலை. அதனால் காசில் ஏஜ் வந்ததும் குதிரைப்படையைத் தடுக்கும் ஈட்டிக்காரரான பைக்மேன். ஏஜ் ஏறும்போதெல்லாம் கிடைக்கும் 200 மரத்தில் உடனே சீஜ் வொர்க்‌ஷாப். முற்றுகை எந்திரங்களுக்கு மரச்செலவில் 33 சதவீதம் தள்ளுபடி இருக்கிறதே.

முதல் நைட் கூட்டம் ஈட்டிகளில் வந்து மோதி நின்றது. அடுத்து எதிரி கோட்டை கட்டி, கோடரி எறிகிறவர்களை இறக்கியது. காலாட்படைக்கு அவர்கள் எமன். எதிரில் இருக்கும் படையைப் பார்த்து இப்படி மாறுவது எனக்குப் பிடித்திருந்தது. மேங்கனெல் என்ற முற்றுகை எந்திரத்தால் கல் வீசினேன், சட்டென்று பிரிந்து விலகினார்கள். எக்ஸ்ட்ரீம் ஏ.ஐ. கல் வருவதைப் பார்த்து நகரும். சரி, இரண்டு மேங்கனெல்களை ஒன்றாக வீசவிடாமல், ஒன்று வீசி அவர்கள் ஒதுங்கும் இடத்தில் மற்றதை வீச வைத்தேன். அதில் விழுந்தார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் டவுன் சென்டர் வரிசை காலியாகாமல் பார்த்துக்கொண்டேன். எதிரி ரிசைன் செய்தபோது என் வில்லேஜர் எண்ணிக்கை அதைவிடக் கூடுதல். நைட்டுகளை அடித்ததைவிட அந்த எண்ணைப் பார்த்துத்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன்.

அடுத்த வாரம் ஐலண்ட்ஸ் மேப். திரிசடையை இன்னும் கடலில் இறக்கவே இல்லை.