நாலு வரி

"சார், படத்திலயும் அவருக்கு நாலு வரிதான் கொடுத்தாங்க. நாமளும் நாலு வரிதானா?"

2017 செப்டம்பர் 16, சனிக்கிழமை இரவு. முந்தைய நாள் லாஸ் ஏஞ்சலிஸில் ஹாலிவுட் நடிகர் ஹாரி டீன் ஸ்டான்டன் 91 வயதில் காலமாகியிருந்தார். எங்கள் பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பெண், அவரைப் பற்றி நாற்பது வரி எழுதிக்கொண்டு வந்து வைத்தாள். ஞாயிறு இதழில் விளம்பரம் போக உலகச் செய்திக்கு எவ்வளவு மிஞ்சும் என்பது டெஸ்க்கில் இருந்தவர்களுக்குத் தெரியும். "ஜனங்களுக்கு ஆளைத் தெரியாதும்மா" என்றேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி. பதில் சொல்லாமல் வெட்ட ஆரம்பித்தேன்.

வெட்டியதில் தப்பில்லை. யார் உட்கார்ந்திருந்தாலும் வெட்டியிருப்பார்கள். கென்டக்கியில் பிறந்தது, ஒகினாவா போரின்போது கடற்படைக் கப்பலில் சமையல்காரராக இருந்தது எல்லாம் போயின. ஸ்டான்டனோ எம். எம்மெட் வால்ஷோ துணை வேடத்தில் இருக்கும் படம் முழுக்க மோசமாக இருக்க முடியாது என்று விமர்சகர் ரோஜர் எபர்ட் ஒரு விதியே வைத்திருந்தார். "எபர்ட் யாருன்னு அதுக்கு ஒரு வரி எழுதணுமே" என்று அதையும் அடித்தேன். 1984இல் வந்த 'பாரிஸ், டெக்சாஸ்'தான் ஸ்டான்டனின் முதல் பெரிய நாயக வேடம். அப்போது வயது ஐம்பத்தெட்டை நெருங்கியிருந்தது. அதிலும் முதல் இருபது நிமிஷத்துக்கு வாயே திறக்க மாட்டார். அது மட்டும் அரை வரியாகத் தப்பித்தது.

சரி, உறுத்துவது எது? ஆளைத் தெரியாது என்று சொன்ன எனக்கு அவரைத் தெரியும். 'ஏலியன்' படத்தில் பூனையைத் தேடிப் போகும் பிரெட் அவர்தான். மேலிருந்து தண்ணீர் சொட்டும். நின்று, தொப்பியைக் கழற்றி, முகத்தை அண்ணாந்து காட்டுவார். சற்று நேரத்தில் சாகப்போகிற ஆள். அந்தத் தண்ணீரில் அவருக்கு அப்படி ஒரு சுகம். கல்லூரி நாளில் பார்த்தது. பெயர் தெரியாமலேயே அந்த முகத்தை இத்தனை வருஷம் வைத்திருந்திருக்கிறேன். அப்படியென்றால் நான் சொன்னது பொய்யா? பெயரைப் பொறுத்தவரை நிஜம்தானே.

'குணச்சித்திர நடிகர்' என்று போட்டுவிட்டால் அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டாம் என்பது எங்கள் தொழிலில் ஒரு வசதி. அதையும் பயன்படுத்தினேன்.

கடைசிப் பத்தியில் 'லக்கி' இருந்தது. தொண்ணூறு வயதை ஒட்டி நாயகனாக நடித்த படம், இரண்டு வாரத்தில் அமெரிக்காவில் வெளியாக இருந்தது. அதை மேலே ஏற்றி எழுதியிருந்தால் பிழைத்திருக்கும். அடியிலிருந்து வெட்டுவதுதானே வழக்கம். இதை அவளுக்கு அன்றைக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

ஆரம்ப காலப் படங்களின் டைட்டிலில் அவர் பெயர் வெறும் 'டீன் ஸ்டான்டன்' என்றுதான் வந்தது. அதையும் எழுதியிருந்தாள். ஒரு பத்தி அகலத்துக்கான தலைப்பில் அந்தப் பெயர்கூட அடங்கவில்லை. தலைப்பை "'ஏலியன்' பட நடிகர் மரணம்" என்று மாற்றிக் கொடுத்தேன்.

படித்துப் பார்த்தாள். "சரி சார்" என்று பக்கத்தை அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.