கண்ணசைவும் ஒரு கைரேகைதான்

இந்த வரியை வாசிக்கும்போது உங்கள் கண்கள் ஒரே சீராக நகர்வதில்லை. ஒரு சொல்லில் ஏறக்குறைய கால் நொடி நின்று, பிறகு சட்டென்று அடுத்ததற்குத் தாவுகின்றன. நிற்கும் நேரமும் தாவும் வேகமும் ஆளுக்கு ஆள் மாறுபடுவதால், அவற்றைக் கொண்டே ஒருவரை அடையாளம் காண முடியும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தினர் இதற்கென 322 பேரின் கண்ணசைவுகளை 37 மாதக் காலத்தில் பதிவு செய்திருக்கிறார்கள்.

2024-இல் வெளியான ஓர் ஆய்வு என்னை உண்மையிலேயே கலங்க வைத்தது. கண்ணசைவால் இயக்கப்படும் ஆப்பிள் விஷன் புரோ என்ற தலையணிக் கணினியை அணிந்தவர் காணொளி அழைப்பில் இருக்கும்போது, திரையில் தெரியும் அவருடைய மெய்நிகர் உருவத்தின் கண்களைக் கவனித்தே, அவர் பார்வையால் தட்டச்சு செய்யும் எழுத்துகளை ஊகிக்க முடிந்தது. ஆப்பிள் அந்தக் குறையைச் சரிசெய்துவிட்டது. ஆனால் களவுபோன கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், கண்ணின் இயல்பை எப்படி மாற்றுவது? அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், உடல் அடையாளத் தரவுகளைக் காக்கும் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் கருவிழி, கைரேகை, குரல் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் காக்கிறது. கண்ணசைவு அந்தப் பட்டியலில் இல்லை.